சண்டைக்காட்சி இல்லாத அறிவியல் புனைகதைப் படங்கள்: குறைந்த செலவில் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்கலமும் வெடிப்பும் துரத்தலும் இல்லாத அறிவியல் புனைகதைப் படம் ஓடுமா என்ற ஐயம் புதிய இயக்குநர்கள் பலருக்கு இருக்கிறது. 2004 இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசை வென்ற ‘பிரைமர்’ ஏறத்தாழ 7,000 டாலரில் எடுக்கப்பட்டு, அதைப் போலப் பன்மடங்கு தொகையை அரங்குகளில் ஈட்டியது. அதில் காலப்பயண இயந்திரம் என்பது ஒரு பெட்டிதான். எனவே ஓடும் என்றே உறுதியாகச் சொல்வேன். சறுக்கல் வேறு இடங்களில் நேர்கிறது.

அவற்றுள் பெரியது, சண்டையை எடுத்துவிட்டால் ஆபத்தையும் எடுத்துவிடலாம் என்று எண்ணுவது. இதனால் படம் முழுவதும் சிலர் அமர்ந்து அண்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பேச்சால் யாருடைய வாழ்விலும் எதுவும் மாறாது. 2013 இல் வெளிவந்த ‘கோஹெரன்ஸ்’ ஏறத்தாழ 50,000 டாலரில், இயக்குநர் ஜேம்ஸ் வார்ட் பிர்கிட்டின் வீட்டிலேயே ஐந்து இரவுகளில் படமாக்கப்பட்டது. வால்மீன் கடக்கும் இரவில் விருந்துக்குக் கூடிய எட்டு நண்பர்களின் வீட்டில் மின்சாரம் நின்றுபோக, நீல ஒளிக்குச்சிகளோடு வெளியே செல்பவர்கள், இருளுக்குள் தங்கள் உருவிலேயே வேறு சிலர் சிவப்பு ஒளிக்குச்சிகளை ஏந்தி நிற்பதைக் காண்கிறார்கள். அங்கே அடிதடி எதுவும் இல்லை. ஆனால் அதன்பின் கதவைத் திறந்து உள்ளே வருபவர் தங்களுள் ஒருவரா, தங்கள் உருவிலுள்ள அந்த மற்றவர்களுள் ஒருவரா என்ற கேள்வி, கணவன் மனைவிக்கு இடையிலும் நண்பர்களுக்கு இடையிலும் நம்பிக்கையை அரித்துவிடுகிறது. புதிதாக ஒன்று தெரியவரும்போதெல்லாம் ஒருவர் எதையாவது இழக்கவோ முடிவெடுக்கவோ நேர்ந்தால், பார்ப்பவர் இருக்கையை விட்டு நகரமாட்டார்.

இரண்டாவது, அறிந்தவரே அறிந்தவருக்கு விளக்கம் சொல்லும் வசனம். ‘பிரைமர்’ இதைத் துணிந்து தவிர்த்து, பொறியாளர்களைப் பொறியாளர்களாகவே பேசவிட்டது. அதனால் நடுவில் கதையின் இழையைத் தவறவிடுவோர் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைவிட, அதனால் எது முடியும், எது முடியாது என்பதையே திரைக்கதை தெளிவாக்க வேண்டும். அந்த விதியை இறுதிக்கட்டத்தில் வசதிக்காக மீறினால் படத்தின் மேல் வைத்த நம்பிக்கை மொத்தமும் கலைந்துவிடும்.

கைக்கு எட்டாத கிராபிக்ஸைக் காட்ட முயல்வதும் வீண் செலவு. 2009 இல் வந்த ‘மூன்’ ஏறத்தாழ 50 லட்சம் டாலரில், நிலவில் ஓடும் வண்டிகளுக்குச் சிறு மாதிரி உருவங்களைப் பயன்படுத்தி, பெரும்பாலும் ஒரே நடிகரின் முகத்தை நம்பியே நகர்ந்தது. படத்தின் மங்கலைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர் தெளிவற்ற ஒலியைப் பொறுப்பதில்லை. மிச்சமாகும் பணத்தை ஒலிப்பதிவுக்குக் கொடுப்பது நல்லது.

கடைசியாக முன்னோட்டம். படத்தில் ஆட்கள் ஓடுகிற காட்சி இரண்டே இருக்க, அவ்விரண்டையும் வெட்டி ஒட்டி, பறை முழங்கும் இசையோடு வெளியிடுவது தன் பார்வையாளரையே ஏமாற்றுவதாகும். சண்டையை எதிர்பார்த்து வந்தவர் முதல் நாளே குறை கூறுவார். அமைதியான புதிரை விரும்பக்கூடியவரோ அந்த முன்னோட்டத்தைக் கண்டு வராமலே இருந்துவிடுவார்.