தோட்டத்துக்கு 3 அடி காபி டம்ளர்: சிமென்ட்டில் செய்யும் முறை

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1976-இல் சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க் 45 அடி உயரத்துக்கு ஒரு துணிக் கிளிப்பை நிறுத்தினார். அதன் ஸ்பிரிங்கைப் பார்த்தால் '76' என்ற எண் தெரியும். சின்னப் பொருளைப் பெரிதாக்கும்போது, அந்தப் பொருளை அடையாளம் காட்டும் ஒரு பகுதி இருக்கும். டம்ளருக்கு அது விளிம்பு.

வீட்டு டம்ளரை அளந்து பத்தால் பெருக்குங்கள். என்னுடையது உயரம் 90 செ.மீ., வாய் அகலம் 75, அடிப்பாகம் 55 என்று வந்தது. 6 எம்.எம். கம்பியில் நான்கு வளையம், எட்டு நேர்க்கம்பி, அடியில் குறுக்குக்கம்பி. எல்லாவற்றையும் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். வெல்டிங் தேவையில்லை. நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் நிற்கவேண்டிய இடத்திலேயே, செங்கல் மேல் வைத்துக் கட்டுங்கள்.

இப்போது விளிம்பு. முதல் தடவை இதையும் பத்தால்தான் பெருக்கினேன், 3 செ.மீ. வந்தது. பூசி முடித்ததும் கிணற்று உறை மாதிரி நின்றது. விளிம்பை உடைத்துவிட்டு, நேர்க்கம்பிகளின் நுனியை 7 செ.மீ. வெளிப்பக்கம் வளைத்து, தனி வளையம் கட்டினேன். அப்புறம்தான் டம்ளர் ஆனது. இந்த ஓர் இடத்தில் அளவை நம்பாதீர்கள். பத்தடி தள்ளி நின்று கண்ணால் பார்த்து வளையுங்கள்.

கோழி வலை இரண்டு சுற்று. கலவை சிமென்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, தண்ணீர் குறைவாக. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைவிட, பூச்சுக்கென்று வரும் நைசான பி-சாண்டுதான் எனக்குப் பிடித்தது, வலைக்குள் நன்றாக இறங்கும். உள்ளே ஒருவர் பலகையைப் பிடிக்க, வெளியிலிருந்து அழுத்திப் பூசுங்கள். மொத்தக் கனம் 2.5 செ.மீ. போதும். மறுநாளிலிருந்து ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றியே இருக்கட்டும், வெயிலில் காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும். பெயின்ட் 28 நாளுக்குப் பிறகு, வெளிச்சுவர் எமல்ஷன்.

பின்சேர்க்கை: மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வருவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முக்கியமான விஷயம், நான் எழுதாமல் விட்டது என் தவறு. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். பூசுவதற்கு முன்பே அடியில் ஓர் அங்குல பிவிசி குழாய்த் துண்டை நிறுத்துங்கள், தளத்தை அதை நோக்கிச் சரித்துப் பூசுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் கல் துளைக்கும் பிட்டால் மெதுவாகத் துளையிடலாம். டிரில்லில் சுத்தியல் (ஹேமர்) முறை மட்டும் வேண்டாம், சிமென்ட் ஓடு விரிசல் விட்டுவிடும்.