காலைக் கீழே ஊன்றாதீர்கள்: ஏ.டி.வி. ஓட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை மாவட்டம் திசையன்விளைப் பக்கம் என் சித்தப்பா மகன் முருங்கைத் தோட்டத்துக்கென்று பழைய ஏ.டி.வி. ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். காடு மேடு, மணலில் ஓட்டுகிற, பெரிய டயர் போட்ட வண்டி அது. ஊரில் அதற்கு ‘நாலு சக்கர பைக்கு’ என்று பெயர். அந்தப் பெயர்தான் வினையே. ஹேண்டில்பாரைப் பிடித்ததும் கை, கால் எல்லாம் பைக் நினைப்பிலேயே வேலை செய்கின்றன. வண்டி லேசாகச் சாய்ந்தால் காலைக் கீழே ஊன்றிவிடுகிறோம். பைக்கில் அது சரி. இதில் ஊன்றிய கால் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால் போய் நிற்கும், வண்டி நம் கால்மேலேயே ஏறும். முதல் நாள் நான் காலை எடுத்தபோது, பின்னால் நடந்து வந்த சித்தப்பா “ஏல, கால எடுக்காத!” என்று போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது. அன்றைக்கு நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. அது இன்னொரு தவறு.

அடுத்தது காற்று. பஞ்சர் கடையில் கொண்டுபோய் நிறுத்தினோம். “முப்பது வச்சிருக்கேன் அண்ணாச்சி, தாராளமா ஓடும்” என்றார் கடைக்காரர். அவர்மேல் குறை இல்லை, தினமும் பைக்கைப் பார்க்கிறவர். ஆனால் இந்த டயர்களுக்குப் பெரும்பாலும் ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ.தான் (காற்றழுத்தத்தின் அளவு). எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும். முப்பது வைத்த டயர் பந்து மாதிரி விம்மி, சரளில் துள்ளியது. தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், இறங்கியதும் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போனது. கடை கேஜில் ஐந்துக்கும் எட்டுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. குறைந்த அழுத்தம் காட்டும் சின்ன கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள்.

நம் பக்கத்தில் பெரிய பரீட்சை தேரிதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று செம்மணலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் மேட்டின் மேற்குப் பக்கம் பொதுவாகக் கொஞ்சம் இறுக்கமாக, சாய்வாக இருக்கும்; கிழக்குப் பக்கம் பொலபொலவென்று செங்குத்தாக இறங்கும். மேற்கிலிருந்து வேகமாக ஏறி உச்சியை அப்படியே தாண்டுகிறவன் எங்கே போய் விழுவான் என்று அவனுக்கே தெரியாது. உச்சிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஏறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இறங்கும்போது பின்னால். பாதியில் வண்டி திணறினால் அங்கேயே திருப்பப் பார்க்காதீர்கள், உருண்டுவிடும். பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, வண்டியை விட்டு மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். மணலில் புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை முறுக்குவது வீண், சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் அள்ளிவிட்டாலே போதும், பாதி வேலை முடிந்தது.

உச்சிவெயிலில் தேரியில் நிழல் விழாது. பள்ளமும் மேடும் ஒரே சிவப்பாகத் தெரியும். காலையோ மாலையோ போனால் நல்லது. அப்புறம், மணலுக்குள் கிடக்கும் பனங்கருக்கு (பனை மட்டையின் ரம்பம் போன்ற ஓரம்) டயரைக் கிழிக்கும். தேரிக்காட்டில் கணிசமான பகுதி காப்புக்காடு, அதற்குள் வண்டியை விடக் கூடாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துப் பக்கம் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

மண்ணில் சமாளித்தவர்கள் தார் ரோட்டில் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான ஏ.டி.வி.களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் ஒரே வேகத்தில் சுற்றும், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும், காரில் இருப்பது போன்ற டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமே போக வேண்டும். மண்ணில் அது வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் விடாது, பிடித்துக்கொள்ளும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்; வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கம் தூக்கும். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் நின்று பார்த்து, நேர்குறுக்காக, மெதுவாகக் கடந்துவிட வேண்டும்.

பின்னால் ஆளை ஏற்றுவதும் இதே பைக் பழக்கம்தான். நீளமான சீட் இருப்பது ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார. ஒருவருக்கான வண்டியில் ஒருவர்தான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த கோவில்பட்டிப் பக்கம் போனால் தெரியும்: டயரின் பள்ளமெல்லாம் களி அப்பி, சக்கரம் வழவழவென்று உருளை ஆகிவிடும். அதற்கு மேல் திறமைக்கு வேலை இல்லை, காயும்வரை வண்டியைத் தொடாமல் இருப்பதுதான் வழி.

குளத்துக்குள் இறங்குவதும் அப்படித்தான். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் சகதி இருக்கும். மாடு நடந்த தடத்தைப் பார்ப்போம். குளம்பு ஆழமாக இறங்கி, குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தால் கரையைச் சுற்றித்தான் போவோம். ஒருமுறை தடத்தைப் பார்த்தும் இறங்கினான் என் தம்பி. வண்டியை வெளியே இழுக்க டிராக்டர்காரர் வாங்கிய காசைச் சித்தப்பாவிடம் அவன் இன்னும் குறைத்துத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.