கடலோரக் களநிலையத்தில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடுதல்: இலையுதிர்காலத் தன்னார்வலருக்கான வழிமுறை

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை வழியாக, ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை பாடும் பறவைகள் தெற்கே வலசை செல்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. குளிர்ந்த காற்று வந்திறங்கி வடமேற்கிலிருந்து வீசும் இரவுகளில் பல பறவைகள் கடல் பக்கமாகத் தள்ளப்பட்டு, விடியும்போது கரையோரப் புதர்களில் களைத்து இறங்குகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மனோமெட் போன்ற நிலையங்கள் 1960களிலிருந்து இப்பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு (எண் பொறித்த சிறு வளையத்தைக் காலில் மாட்டி), அளந்து விடுவித்து வருகின்றன. அத்தகைய நிலையமொன்றில் உதவச் செல்பவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உரிமம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, கூட்டாட்சி அரசின் பறவை வளைய ஆய்வகம் தரும் அனுமதி இல்லாமல் எவரும் ஒரு சிட்டைக்கூடப் பிடித்து வளையமிட முடியாது. பல மாநிலங்களில் தனி அனுமதியும் வேண்டும். புதியவர் உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில்தான் பழக வேண்டும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் வளையமிடுவதைப் பார்த்தவர்களுக்கு வேலையின் ஒழுங்கு புதிதாக இராது. சட்டமும் பறவைகளும்தான் வேறு.

பறவைகளைப் பிடிப்பது மிஸ்ட் நெட் எனப்படும் நுண்ணிழை வலையால். வழக்கமான வலை 12 மீட்டர் நீளமும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரமும் கொண்டது. குறுக்கே ஓடும் கயிறுகளுக்கிடையில் வலை தொய்ந்து பைகளாகத் தொங்கும். மோதும் பறவை அப்பைக்குள் விழும். வார்ப்லர் போன்ற சிறு பறவைகளுக்கு 30 மில்லிமீட்டர்க் கண்ணுள்ள வலை ஏற்றது. புதர்களுக்கு நடுவே, பின்புலம் இருண்டிருக்கும் இடத்தில் கட்டுங்கள். பறவையின் எடையால் அடிப்பை தாழ்ந்து ஈரத்தரையைத் தொடாதபடி உயரம் வையுங்கள். விடியலில் திறந்த வலைகளை அரைமணிக்கு ஒருமுறையேனும் சுற்றிப் பார்க்க வேண்டும். குளிரோ வெயிலோ கடுமையானால் இன்னும் அடிக்கடி. மழை வந்தாலும், காற்று வலையைப் பாய்மரம்போல் உப்பச் செய்தாலும் உடனே மூடிவிடுங்கள். பறவைகள் குவிந்து இறங்கும் காலையில் பேராசை எழும். கையிலிருக்கும் ஆட்கள் எத்தனை பறவைகளைத் தாமதமின்றிக் கையாள முடியுமோ, அதற்குமேல் வலை திறந்திருக்கக் கூடாது. நல்ல நிலையத்தை நான் அடையாளம் காண்பது, வலையை எவ்வளவு விரைவில் மூடுகிறார்கள் என்பதை வைத்துத்தான்.

வலையிலிருந்து பறவையை எடுப்பதே கற்க நெடுநாள் பிடிக்கும் பகுதி. பறவை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்ததென்று முதலில் கண்டுபிடியுங்கள்; அதே வழியாகத்தான் அது வெளியே வரவேண்டும். பெரும்பாலும் கால்களை விடுவித்து, பிறகு உடல், இறக்கைகள், தலை என்று போவது எளிது. திரஷ் எனும் பூங்குருவி வகைப் பறவைகளுக்கு நாக்கின் பின்முள்ளில் இழை மாட்டிக்கொள்வதுண்டு; அப்போது தலையை இழுக்காமல், மெல்லிய குச்சியால் இழையை நாக்குக்கு மேலாக முன்னே தள்ள வேண்டும். சிக்கல் அவிழவில்லையென்றால் தயங்காமல் கத்தரிக்கோலால் இழையை வெட்டுங்கள். வெளியே எடுத்த பறவையைத் துணிப்பையில் இடுங்கள். ஒரு பைக்கு ஒரு பறவைதான். கொசுவிரட்டி பூசிய கையால் இறகைத் தொடக் கூடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மேசையில் முதல் வேலை இனத்தை உறுதி செய்வது. கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இலேசாக வைத்து, முதுகு உள்ளங்கையில் படுமாறு பிடியுங்கள். மார்பை அழுத்தினால் பறவை மூச்சுவிட முடியாது. கால் தடிமனை அளந்து, அதற்குரிய அளவில் அலுமினிய வளையத்தை இடுக்கியால் மூடுங்கள். இரு முனைகளும் இடைவெளியின்றிச் சந்திக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. வளையம் காலில் தடையின்றிச் சுழலவும் நகரவும் வேண்டும். வளையத்தின் எண்ணை, வளையங்கள் கோத்திருக்கும் சரத்தைப் பார்த்து அல்ல, காலில் மாட்டிய பிறகு வளையத்திலிருந்தே படித்து எழுதுங்கள். ஹம்மிங்பேர்டு சிக்கினால் வளையமிடாமல் விடுங்கள். அதற்கு வளையமிடத் தனி அனுமதி வேண்டும்.

அடுத்து வயது. கடலோரத்தில் இலையுதிர்காலத்தில் பிடிபடுபவற்றில் பெரும்பான்மை அவ்வாண்டே பொரித்த இளம்பறவைகள். ஆகவே வயதை எழுதாத பதிவு பாதிப் பதிவுதான். தலையிறகை நீரால் நனைத்து ஒதுக்கினால் மெல்லிய தோலினூடே மண்டையோடு தெரியும்: இளம்பறவைக்கு எலும்பின் ஒரு பகுதி ஒற்றைப் படலமாக இளஞ்சிவப்பாயும், முதிர்ந்ததற்கு முழுதும் வெண்புள்ளிகளோடும் இருக்கும். அக்டோபர் ஆகஆகச் சில இளம்பறவைகளுக்கும் எலும்பு முற்றிவிடுவதால், இதை மட்டும் நம்பாமல் இறக்கை மூடிறகுகளில் (பெரிய இறகுகளின் அடியை மூடும் சிற்றிறகுகளில்) பழையதும் புதியதும் கலந்துள்ளனவா என்று பாருங்கள்; கலந்திருந்தால் பெரும்பாலும் இளம்பறவை. ரெட்-ஐட் விரியோ எனும் சிறு பாடும் பறவையில் கண்ணே சொல்லிவிடும்: இளையதற்குப் பழுப்பு, முதிர்ந்ததற்குச் சிவப்பு. ஐயமிருந்தால் 'தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மை.

பிறகு இறக்கையை அதன் இயல்பான வளைவிலேயே அளந்து, மார்பிறகை ஊதிக் கழுத்தடிக் குழியில் மஞ்சளாகத் தெரியும் கொழுப்பை மதிப்பிட்டு, சிறு குழாயில் தலைகீழாக இட்டு எடை பாருங்கள். எடை ஏன் முக்கியம் என்பதற்குப் பிளாக்போல் வார்ப்லரே போதும்: கொழுப்பின்றி 12 கிராம் அளவே இருக்கும் இப்பறவை, புறப்படுமுன் 20 கிராமைக்கூடத் தாண்டும்; வடகிழக்குக் கரையிலிருந்து கரீபியன் தீவுகள் வரை இரண்டு மூன்று நாள் நிற்காமல் கடலுக்கு மேல் பறக்கிறதென்பதை முதுகில் பொருத்திய நுண்கருவிகள் கொண்டு செய்த ஆய்வு 2015இல் காட்டியது.

இவ்வளவும் ஓரிரு நிமிடங்களில் முடிய வேண்டும். பறவை வாய் திறந்து இளைத்தாலோ, இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடினாலோ அளவை நிறுத்துங்கள். இளைப்பதை நிழலில் உடனே விடுங்கள், குளிரில் ஒடுங்கியதைச் சற்றுச் சூடாக்கிவிட்டு விடுங்கள். விடும்போது வீசாமல், புதர் பக்கமாகத் தாழ்வாகக் கையைத் திறந்தால் போதும்.

நாள் முடிவில் ஒவ்வொரு வலையும் திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் எழுதுங்கள். ஒரு வலை ஒரு மணிநேரம் திறந்திருந்தால் அது ஒரு வலைமணி. பறவைகளின் எண்ணிக்கையை அதனால் வகுத்தால்தான் ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட முடியும். ஒரு பறவையும் சிக்காத காலைக்கும் இக்கணக்கு வேண்டும்.