விழுங்கியது காசா, பேட்டரியா? எக்ஸ்ரே பார்க்கும் முறை

குழந்தைக்கு அழவோ இருமவோ முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்டால் எக்ஸ்ரேக்கு நேரமில்லை. தலையைத் தாழ்த்திப் பிடித்து முதுகில் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டுங்கள். கூடவே ஒருவர் 108ஐ அழைக்கட்டும்.

மூச்சு சீராக இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விரலை விட்டுத் துழாவாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் பால், தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கிய பொருளைப் போலவே இன்னொன்று இருந்தால் எடுத்துப் போங்கள்.

படத்துக்கு முன் அரைஞாண்கொடி, தாயத்து, சட்டையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழுத்திலிருந்து அடிவயிறு வரை நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று தேவை. உணவுக்குழாயில் நிற்கும் காசு நேர்ப்படத்தில் முழு வட்டமாகவும் பக்கவாட்டில் கோடாகவும் தெரியும். கொலுசுத் திருகாணியும் பளிச்சென்று தெரியும்.

வட்டத்தைக் கண்டதும் காசு என்று முடிவு கட்டக் கூடாது. பட்டன் பேட்டரிக்கு ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும். பக்கவாட்டில் ஓரம் படிக்கட்டு போலத் தெரியும். இரு உலோகத்தாலான 10 ரூபாய் நாணயமும் இப்படி ஏமாற்றலாம். சந்தேகம் இருந்தால் பேட்டரி என்றே கொள்ளுங்கள். 20 மி.மீ. அகலமுள்ள சிஆர்2032 வகை பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் ஈரச் சதையில் மின்சாரம் பாய்ந்து, சதையை அரிக்கும் காரம் (அல்கலி) உண்டாகிறது. 2 மணி நேரத்திலேயே சதை வெந்துபோகும். ரிமோட்டில் தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் பாதி நேரம் போய்விடலாம். ஒரு வயது தாண்டி, விழுங்க முடிகிற குழந்தை என்றால், பேட்டரி போய் 12 மணி நேரத்துக்குள் மட்டும், வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுங்கள், அதிகபட்சம் 6 முறை. வெறும் வயிறு என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு. தேன் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மூச்சுக்குழாயில் போன கடலை, காப்பிக்கொட்டை, பிளாஸ்டிக் படத்தில் தெரியாது. அவற்றின் விளைவைத்தான் தேட வேண்டும். மூச்சை விடும்போது எடுத்த படத்தில் அடைபட்ட நுரையீரல் காற்று வெளியேறாமல் உப்பி, கூடுதல் கறுப்பாக நிற்கும். இதயம் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். சிறு குழந்தைக்கு மூச்சை விட்டு நிறுத்தத் தெரியாது. ஆகவே ஒருக்களித்துப் படுக்கவைத்து இரு பக்கமும் எடுக்கலாம். கீழ்ப்பக்க நுரையீரல் சுருங்காமல் நின்றால் அடைப்பு அங்கேதான்.

படம் சுத்தமாக இருப்பதை நம்பி வீடு திரும்பாதீர்கள். புரையேறிய இருமல் சிறிது நேரத்தில் அடங்கிவிடும், பொருள் உள்ளேயே இருக்கும். கடலை தின்னும்போது திடீரென்று இருமியதை டாக்டரிடம் சொல்லி, மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள். குழந்தைகளுக்கு அதைச் செய்யும் வசதி உண்டா என்று கிளம்பும் முன்பே போனில் விசாரித்துவிடுங்கள்.