தொங்கிய கை நிமிர்ந்த கதை

திருமங்கலம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்ததில் வலது மேல்கை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்ட பிறகும் மணிக்கட்டு வாடிய தண்டு மாதிரி தொங்கியே கிடந்தது. எலும்பை ஒட்டிச் சுற்றி ஓடும் ரேடியல் நரம்பு, அதாவது மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த வைக்கும் நரம்பு, அடிபட்டிருந்தது. நான் பூக்கட்டிப் பிழைக்கிறவள், பயந்துவிட்டேன்.

பிசியோதெரபி அக்கா முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "அறுந்த நரம்பு இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வேகத்தில்தான் வளரும். அது வந்து சேரும்வரை மூட்டு இறுகாமல், விரல் மடங்கிப் போகாமல் காப்பதுதான் நம்ம வேலை." அதனால் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்க ஒரு ஸ்பிளிண்ட், தினமும் நாலைந்து வேளை இடது கையால் வலது விரல்களை நீட்டிவிடுவது. எண்ணெய் தேய்த்து நீவச் சொன்னவர்கள் பலர். இன்னும் ஒட்டிச் சேராத எலும்பின் மேல் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நாலாம் மாதம், பலகையில் பவுடர் தூவி, சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி கையைக் கிடத்தி, புறங்கைப் பக்கமாக நகர்த்தச் சொன்னார். பவுடரில் நகம் அளவுக்கு ஒரு தடம் விழுந்தது. அழுதுவிட்டேன்.

மணிக்கட்டு முதலில், அப்புறம் விரல்கள், கடைசியில்தான் கட்டைவிரல். எட்டாம் மாதம் ஒரு முழம் மல்லிகை கட்டினேன்.