கார் சீட் மெமரி: பதிவது எப்படி, வேலை செய்யாவிட்டால் எங்கே பார்ப்பது

ஒரே காரைக் கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டும் வீடுகள் எங்கள் மட்டக்களப்பில் இப்போது நிறைய. காலையில் ஒருவர் கல்முனைக்கு வேலைக்குக் கொண்டுபோவார், பின்னேரம் மற்றவர் அதே காரில் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்குவார். ஒவ்வொரு முறையும் சீட்டைச் சரிசெய்ய வேண்டும். அவசரத்தில் பலர் அதைச் செய்வதே இல்லை. பிரேக்கைக் கால்நுனியால் எட்டிப் பிடித்தபடி கல்லடிப் பாலத்தைக் கடக்கிறார்கள். ஆபத்தான பழக்கம் இது. ஒவ்வொருவரின் இருப்பையும் பதிந்து வைத்து, அழுத்தியதும் சீட்டை அங்கே கொண்டுபோகும் சீட் மெமரி பட்டன் அதே காரில் தொடாமலே கிடக்கும். ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் கார் என்றால் கையேடும் ஜப்பான் மொழியில் இருக்கும், யார் அதைத் திறந்து பார்ப்பது?

அதனால் ஆரம்பத்தில் இருந்தே சொல்கிறேன். பழுது பார்க்கும் பகுதியை மட்டும் ஒழுங்கு மாற்றாமல் செய்யுங்கள். ஒழுங்காகப் பார்த்தால் தேவையில்லாமல் ஒரு சாமானும் மாற்ற வேண்டி வராது.

உங்கள் காரில் இது இருக்கிறதா?

பட்டனை அழுத்த நகரும் சீட் எல்லாம் மெமரி சீட் அல்ல. சாரதிப் பக்கக் கதவிலோ சீட்டின் ஓரத்திலோ 1, 2 என்ற இலக்கங்களும் பக்கத்தில் ‘செட்’ என்ற பட்டனும் இருக்க வேண்டும். மெர்சிடிஸ் கார்களில் ‘எம்’ என்ற எழுத்தும் 1, 2, 3 என்ற இலக்கங்களும் கதவிலேயே இருக்கும். இவை இல்லையென்றால் பெரும்பாலும் உங்கள் காரில் அந்த வசதி இல்லை. ஒரு பட்டனைப் பூட்டி அதை வரவழைக்கவும் முடியாது, மோட்டருக்குள் இருக்கும் சென்சர் முதற்கொண்டு வேறாக இருக்க வேண்டும்.

அந்த சென்சரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லாம் இலகுவாக விளங்கும். சீட்டை முன்பின் நகர்த்த ஒரு மோட்டர், சாய்க்க ஒன்று, உயர்த்த ஒன்று என்று தனித்தனி மோட்டர்கள் உண்டு. மோட்டர் சுழலும்போது சென்சர் அதன் சுற்றைத் துடிப்புகளாக எண்ணும், சீட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த எண்ணிக்கையைச் சேமித்து வைக்கும். அதாவது சீட் எங்கே நிற்கிறது என்பதைக் கார் கண்ணால் பார்ப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வாசலில் இருந்து அடி எண்ணி நடப்பவரைப் போலத்தான் அது நகர்கிறது. தொடங்கிய இடம் மறந்துபோனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் பயனில்லை.

பதிவதற்கு முன் சரியாக உட்காருங்கள்

நீங்கள் கொடுத்த இருப்பைத்தான் மெமரி திரும்பத் தரும். பிழையாக உட்கார்ந்து பதிந்தால் ஒவ்வொரு நாளும் அதே பிழையில்தான் உட்காருவீர்கள். ஆகவே அவசரப்படாமல் இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். வழக்கமாக ஓட்டும்போது போடும் செருப்பையோ சப்பாத்தையோ போட்டுக்கொள்ளுங்கள், அடியின் தடிப்பு மாறினால் கால் எட்டும் தூரமும் மாறும்.

இடுப்பைச் சீட்டின் பின்மூலை வரை தள்ளி உட்காருங்கள். பிரேக்கை அடிவரை மிதித்துப் பாருங்கள். மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டால் சீட் தூரம், முழங்கால் ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில் முட்டினால் கிட்ட. அடுத்தது சாய்வு. தோள் சீட்டில் பட்டபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் வந்து படிய வேண்டும். அதன்பின் உயரம். உயரம் குறைந்தவர்கள் தெரியவேண்டும் என்பதற்காகச் சீட்டை முன்னுக்கு இழுப்பதைப் பார்க்கிறேன், அதைச் செய்யாதீர்கள், சீட்டை உயர்த்துங்கள். ஸ்டியரிங்கில் எயார்பேக் இருக்கிறது. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் இடையில் 25 சென்டிமீற்றராவது இருக்கட்டும்.

தலையைத் தாங்கும் ஹெட்ரெஸ்டைக் கையால் சரிசெய்யும் கார்களில் அது மெமரியில் பதியாது. டொயோட்டாவில் முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்கும் லம்பார் பட்டனில் செய்யும் மாற்றமும் பதிவதில்லை. பக்கக் கண்ணாடிகள் சில கார்களில் சீட்டோடு சேர்ந்து பதியும், சிலவற்றில் பதியாது. எதற்கும் பதியும் முன் அவற்றையும் சரிசெய்துவிடுங்கள்.

இனிப் பதிவோம்

கார் நிற்க வேண்டும், கியர் ‘பி’யில் இருக்க வேண்டும், இக்னிஷன் ஒன். ஹைபிரிட் என்றால் ‘ரெடி’ வரை கொண்டுவருவது நல்லது, அப்போது 12 வோல்ற் பற்றரிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும்.

டொயோட்டாவில் ‘செட்’ பட்டனை அழுத்தி, 3 செக்கன்களுக்குள் 1ஐ அழுத்தி, பீப் சத்தம் கேட்கும் வரை பிடித்திருங்கள். அவ்வளவுதான். மெர்சிடிஸில் ‘எம்’, பிறகு 3 செக்கன்களுக்குள் இலக்கம். பிஎம்டபிள்யூவில் மெமரி பட்டனை அழுத்த ஒரு சிறு விளக்கு எரியும், அது எரியும்போதே இலக்கத்தை அழுத்த வேண்டும். மற்றக் கார்களிலும் இதே முறைதான், இடைவெளி மட்டும் ஒன்றிரண்டு செக்கன் கூடலாம். பட்டனைத் தேடிக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும், அப்போது பதிந்ததாக நினைப்பீர்கள், பதிந்திருக்காது. இரண்டு விரலையும் முதலே பட்டன்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுகா மற்றவர் ஏறி, தன் அளவுக்குச் சரிசெய்து, 2இல் பதியட்டும். 1இல் மறந்துபோய்ப் பதிந்தால் பழையது அழிந்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது.

திரும்ப எடுக்க இலக்கத்தை அழுத்தினால் போதும். ஆனால் மெர்சிடிஸில் சீட் போய்ச் சேரும் வரை பட்டனைப் பிடித்திருக்க வேண்டும். பிஎம்டபிள்யூவில் கதவு திறந்திருந்தால் ஒருமுறை தட்டினால் போதும், கதவு மூடியிருந்தால் பிடித்திருக்க வேண்டும். “சீட் பாதிவழியில் நின்றுவிடுகிறது” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: விரலை எடுத்தீர்களா?

சீட் நகரும் முன் பின்சீட்டைத் திரும்பிப் பாருங்கள். சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முழங்கால் மோட்டருக்குத் தெரியாது. சீட்டை இடையில் நிறுத்த வேண்டுமென்றால் சீட் நகர்த்தும் சுவிட்ச் எதையாவது தொட்டால் நின்றுவிடும். ஓடும்போது மெமரியைத் தொடவே வேண்டாம்.

சாவியோடு இணைப்பது

டொயோட்டாவின் ஸ்மார்ட் சாவியுள்ள சில ரகங்களில், யாருடைய சாவி கிட்ட வந்ததோ அவருடைய இருப்புக்குச் சீட் தானாகவே போகும். உங்கள் இலக்கத்தைத் திரும்ப எடுத்து, உங்கள் சாவியை மட்டும் காருக்குள் வைத்து, கதவை மூடுங்கள். அந்த இலக்கத்தை அழுத்தியபடியே கதவுப் பூட்டுச் சுவிட்சைப் பீப் வரும் வரை அழுத்துங்கள். இரண்டு சாவியும் உள்ளே இருந்தால் சரியாகப் பதியாது. பின்னாளில் சீட் ஆள்மாறி நகர்ந்தாலும் காரணம் பெரும்பாலும் கைப்பைக்குள் கிடக்கும் மற்றச் சாவிதான்.

வேலை செய்யவில்லையா?

முதலில், பழுதல்லாத ஒன்றை விலக்கிவிடுவோம். காரை நிறுத்தி பெல்ற்றைக் கழற்றியதும் சீட் தானாகப் பின்னுக்குப் போகிறதா? இறங்குவதற்கு வசதியாக வைத்த அமைப்பு அது.

அடுத்து, சாதாரணச் சுவிட்சால் சீட் நகர்கிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாம் இந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது. எந்தப் பக்கமும் அசையவில்லை என்றால் பியூஸ், மின்சாரம், சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர் என்று தேட வேண்டும். ஒரு திசை மட்டும் அசையவில்லை என்றால் அந்த மோட்டர் அல்லது அந்தச் சுவிட்ச். பலமுறை முன்பின் ஓட்டிப் பார்த்துவிட்டு “இப்போது அதுவும் நின்றுவிட்டது” என்பவர்கள் கொஞ்ச நேரம் விடுங்கள், மோட்டர் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

சுவிட்சால் நகர்கிறது, மெமரி மட்டும் இல்லை என்றால் பற்றரிக்கு வாருங்கள். அண்மையில் பற்றரி மாற்றினீர்களா, கழற்றிப் பூட்டினீர்களா? டொயோட்டா போன்றவற்றில் அப்போது பதிவு அழிந்துவிடும், திரும்பப் பதிந்தாலே போதும். தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் இருந்து 2025 பெப்ரவரி வரை நின்றிருந்ததால் எங்கள் வீதிகளில் ஓடும் கார்களில் பல வயதானவை, பற்றரியும் அப்படித்தான். சில மணிநேரம் ஓடாமல் நின்ற காரின் பற்றரியில் வோல்ற் மீற்றரை வைத்தால் 12.6 வோல்ற் கிட்ட வர வேண்டும். 12.2க்குக் கீழே போனால் சீட்டைக் குறை சொல்லாதீர்கள். டொயோட்டா ஹைபிரிட் பலவற்றில் இந்தச் சிறிய பற்றரி பின்பக்கம் இருக்கும்.

பற்றரி நன்றாக இருந்தும் சீட் பிழையான இடத்தில் நிற்கிறதா? தொடங்கிய இடம் மறந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு, சீட்டை முன்னால் முழுவதும் கொண்டுபோய், நின்ற பிறகும் சுவிட்சைச் சில செக்கன் பிடித்திருங்கள். பின்னாலும் அப்படியே. உயரத்துக்கும் சாய்வுக்கும் அதையே செய்து, பிறகு புதிதாகப் பதியுங்கள். எல்லாக் காரும் இதற்கு வழிக்கு வராது, சிலவற்றுக்குக் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வாசிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

இனி டோர்ச்சை எடுத்துச் சீட்டுக்கு அடியில் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல், விளையாட்டுச் சாமான் ஏதாவது சிக்கினால் சீட் தடைப்படும். பாசிக்குடாவுக்கோ அறுகம்பேக்கோ அடிக்கடி போகும் கார் என்றால் சீட் வழுக்கி நகரும் தண்டவாளத்தில் மணல் இருக்கும். வக்கூமால் இழுத்து எடுத்து, உலர்ந்த தூரிகையால் துடைத்த பிறகுதான் மெல்லிசாகக் கிரீஸ் பூச வேண்டும். மணலின் மேலேயே கிரீஸ் பூசினால் அது அரைக்கும் பசையாகிவிடும்.

நவம்பரில் இருந்து ஜனவரி வரை இங்கே பெய்யும் மழையில் வெள்ளத்துக்குள் இறங்கிய காரா? மேலே உலர்ந்தாலும் கார்ப்பெற்றுக்கு அடியில் ஈரம் தங்கும், சீட்டின் வயரும் கனெக்டரும் இருப்பது அங்கேதான். கார்ப்பெற்றை அமுக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சீட் சுவிட்சைத் தொடாமல் நன்றாக உலர வைக்கச் சொல்லுங்கள். கனெக்டரில் பச்சை பிடித்திருந்தால் கொன்ராக்ற் கிளீனரால் சுத்தமாக்கலாம். மஞ்சள் நிறக் கனெக்டரை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். அது எயார்பேக்குக்குரியது. மெக்கானிக்கும் பற்றரியின் நெகற்றிவைக் கழற்றி, குறைந்தது 90 செக்கன் பொறுத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

பியூஸ் எரிந்திருந்தால் அதே அம்பியரில் போடுங்கள், கூடியதைப் போட்டால் வயர்தான் எரியும். புதியதும் எரிந்தால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது, நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராமல், சுவிட்சை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சீட் ஒரு துளி நகர்ந்து நின்றால், அந்த மோட்டரின் சென்சரையோ அதன் வயரையோ சந்தேகிக்கலாம். எண்ணிக்கை வராததால் பெட்டி மோட்டரைத் தொடர்ந்து ஓட விடுவதில்லை. இதற்கு ஓட்டோ இலக்றீஷியனிடம் போங்கள். போகும் முன் போன் எடுத்து ஒன்று கேளுங்கள்: உங்கள் ஸ்கேனர் சீட்டின் பெட்டியையும் வாசிக்குமா? எஞ்சினின் பிழை இலக்கங்களை மட்டும் வாசிக்கும் சிறிய கருவி இதற்கு உதவாது. போனதும் எந்தத் திசை நகர்கிறது, எது நகரவில்லை, பற்றரி எத்தனை வோல்ற், வெள்ளத்தில் இறங்கியதா என்று சொல்லுங்கள். பெட்டியையே மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், ஸ்கேனரில் வந்த பிழை இலக்கத்தைக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு, சென்சருக்குப் போகும் வயரைச் சோதித்தாரா என்று கேட்ட பிறகு காசைக் கொடுங்கள்.