பிரிண்டில் பச்சை அடிக்கிறதா? கலர் கரெக்‌ஷன், முதலிலிருந்து

கலர் லேப்பில் சேர்ந்த முதல் வாரமே ஒரு கல்யாண ரோலைக் கெடுத்தேன். மணப்பெண் அரக்குச் சிவப்புப் பட்டில் ஃப்ரேமை அடைத்து உட்கார்ந்திருக்கிறாள், பிரிண்டிலோ முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி நீலப்பச்சையாக வெளிறிக் கிடக்கிறது. மெஷினை ஆட்டோவில் ஓட்டியதுதான் தப்பு. ஒரு படத்தின் நிறங்களையெல்லாம் ஒன்றாகக் கலந்தால் சாம்பல்தான் வரும் என்று கோடாக்கில் இருந்த ரால்ஃப் எவன்ஸ் 1940களில் போட்ட கணக்கில்தான் ஆட்டோ ஓடும். சிவப்பு மிஞ்சினால் மெஷின் சயானை, அதாவது நீலப்பச்சையை, ஏற்றிவிடும். புடவை தாங்கும், முகம் தாங்காது. போனில் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸும் இதே இடத்தில் சறுக்கும். ஆகவே கையால் திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் டென்சிட்டி, அதாவது பிரிண்ட் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெளுப்பு என்பது. படம் கருத்தோ வெளுத்தோ இருக்கும்வரை கலரைத் தொடவே கூடாது. வெளிச்சம் சரியானதும் பாதிக் கோளாறு தானாகப் போய்விடும்.

அடுத்தது, என்ன கலர் அடிக்கிறது என்று கண்டுபிடிப்பது. இங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள், சிவப்பையும் மெஜந்தாவையும் குழப்புவார்கள், நீலத்தையும் சயானையும் குழப்புவார்கள். புடவைக் கடையில் ராணி கலர் என்பார்களே, அது மெஜந்தா பக்கம். ராமர் பச்சையில் கொஞ்சம் நீலம் தூக்கலாக இருந்தால் சயான். ஜோடிகளை மனப்பாடம் செய்துவிடுங்கள்: சிவப்புக்கு எதிர் சயான், பச்சைக்கு மெஜந்தா, நீலத்துக்கு மஞ்சள். மண்டபத்து ட்யூப் லைட்டில் பகல் வெளிச்சத்துக்கான ஃபிலிமில் எடுத்த படம் பச்சை அடிக்கும், குண்டு பல்பில் எடுத்தது மஞ்சளும் சிவப்பும் அடிக்கும்.

பார்க்க வேண்டியது பளபளக்கும் புடவையை அல்ல, நிறமே இல்லாத இடத்தை. சிமெண்ட் தரை, நரைத்த முடி, வேட்டி மடிப்பின் நிழல். வேட்டியை மட்டும் முழுசாக நம்பாதீர்கள், சொட்டு நீலம் போட்டு வெளுத்ததாக இருந்தால் அதுவே நீலம் அடிக்கும், நீங்கள் மஞ்சளைக் கூட்டிக் கூட்டி எல்லார் முகத்திலும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடுவீர்கள். ஒரே பிரிண்டை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அந்தக் கலருக்குப் பழகிவிடும், அதனால் நடுநடுவே எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள்.

இனி திருத்தம். என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) நெகட்டிவிலிருந்து போடுகிறவர்களுக்கு விதி தலைகீழ்: பிரிண்டில் எது அதிகமோ அதே கலர் ஃபில்டரைத்தான் கூட்ட வேண்டும். மெஜந்தா அடித்தால் மெஜந்தா ஃபில்டர். அது பச்சை வெளிச்சத்தைத் தடுக்கிறது, பேப்பரில் மெஜந்தா சாயத்தை உண்டாக்குவதே அந்தப் பச்சை வெளிச்சம்தான். 5 யூனிட் கூட்டினால் கண்ணுக்கு அரிதாகத் தெரியும், 10 தெளிவாகத் தெரியும், 20 பெரிய மாற்றம். ஃபில்டர் கூட்டியபின் வெளிச்சம் குறையும், எக்ஸ்போஷரைச் சற்று ஏற்றுங்கள். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள், வெளிச்சம்தான் வீணாகும். ஈரப் பேப்பரைப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம், நீலம் அடிக்கிற மாதிரி தெரியும், காயட்டும்.

கம்ப்யூட்டரில், ஃபோட்டோஷாப் மாதிரி சாஃப்ட்வேரில், நேர் வழி. பச்சை அடித்தால் கலர் பேலன்ஸில் மெஜந்தா பக்கம் தள்ளுங்கள், மிட்டோனில் (நடுத்தர வெளிச்சப் பகுதியில்) தொடங்கி 5, 10 என்று மட்டும். முகத்தின் மேல் கர்சரை வைத்து இன்ஃபோ பேனலில் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) எண்களைப் பாருங்கள். பொதுவாக மஞ்சள் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், சயான் இரண்டையும்விடக் குறைவு, நம் மாநிறத்துக்கு அது வெள்ளைக்காரர் முகத்தில் இருப்பதைவிட ஏறித்தான் வரும். மெஜந்தா மஞ்சளைத் தாண்டிவிட்டால் வெயிலில் வெந்த முகம்.

மானிட்டர் பிரைட்னஸை உச்சத்தில் வைத்துவிட்டு பிரிண்ட் கருப்பாக வருகிறது என்று லேப்காரரைத் திட்டுகிறவர்கள் நிறைய. முதலில் அதைக் குறையுங்கள், லேப்பில் ஐசிசி ப்ரொஃபைல் (அவர்கள் மெஷினும் பேப்பரும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல்) கேட்டு வாங்கி சாஃப்ட் ப்ரூஃப் பாருங்கள், அதாவது பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே பாருங்கள். அப்புறம் ஒரே படத்தை 4x6இல் மூன்று விதமாகப் போடச் சொல்லி, ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன எண் மாற்றினீர்கள் என்று பென்சிலால் எழுதி, மறுநாள் காலை பத்து மணி வெளிச்சத்தில் ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பாருங்கள்.